கணக்கு நோட்டு நம் கையில் இருக்கட்டும்

(பேச்சிப்பாறையில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கடனை அடைத்துக்கொண்டே வீட்டுச் செலவைச் சமாளிப்பது எப்படி' என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏழைகளிடம் இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். டீயைக் குறையுங்கள், பண்டிகைக்குத் துணி எடுக்காதீர்கள், சிக்கனமாக இருங்கள். நம் வீட்டுப் பெண்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க ஒருவன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். அதனால் நான் சிக்கனம் பேச வரவில்லை. கணக்கு பேச வந்திருக்கிறேன்.

என் அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு நூலில் கோத்து வைத்திருப்பார். பின்பக்கத்தில் கட்டின தவணையும் தேதியும் இருக்கும். வட்டிக்குக் கொடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒருமுறை வாசலில் வந்து நின்று, 'ரெண்டு மாச வட்டி வரல்ல' என்றார். அம்மா தாளை எடுத்துக் காட்டினார். அந்த ஆளுக்கு வந்த கோபம் பணத்தைப் பற்றியது அல்ல. 'நீ எழுதினா அது கணக்காட்டீ?' என்று கேட்டார். அவர் நோட்டில் இருப்பது கணக்கு, எங்கள் வீட்டுக் காலண்டர் தாளில் இருப்பது கிறுக்கல். அன்று இரவு அம்மாவிடம், 'இத எழுதி என்னம்மா பிரயோஜனம்?' என்று கேட்டேன். 'மக்களே, எழுதி வெச்சா கடன் தீராது. ஆனா ஒரே கடன ரெண்டு தடவ கெட்ட வேண்டாம்' என்றார்.

தோழர்களே, நம் மக்களின் கடன் வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவன் யார்?

இந்த அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டிய பொறியாளர் மின்சினின் பெயரை நாம் அறிவோம். கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இங்கிருந்து இறங்கும் தண்ணீர் நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் போகிறது. அந்த வயல்களில் வேலை செய்த பறையரும் புலையரும் ஒரு காலத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855-இல். ஆளை விடுவித்தார்கள். நிலத்தைக் கொடுக்கவில்லை. நிலம் இல்லாமல் விடுதலையானவன் அடுத்த நாள் காலையில் எங்கே போவான்? பழைய ஆண்டையிடம்தான், கடன் கேட்டு.

அது பழங்கதை என்று நினைக்காதீர்கள். இன்று 10,000 ரூபாய்க் கடனுக்கு ஓராண்டு வட்டி என்ன என்று பாருங்கள். பட்டா நிலம் இருப்பவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. நிலம் இல்லாத பெண் குழுவில் சேர்ந்து மைக்ரோ ஃபைனான்ஸில் வாங்கினால் பெரும்பாலும் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. அதுவும் கிடைக்காமல் பத்து வட்டிக்கு வாங்குகிறவர், மாதம் ஆயிரம் வீதம் 12,000 ரூபாய். அதன் பிறகும் அசல் 10,000 அப்படியே நிற்கும். ஒரே பத்தாயிரம்தான். இருப்பவனுக்கு வட்டி பூஜ்யம், இல்லாதவனுக்கு அசலைவிட அதிகம். யாரிடம் நிலம் இருக்கிறது என்பதைச் சாதி தீர்மானித்தது. யாருக்கு எவ்வளவு வட்டி என்பதை இப்போது நிலம் தீர்மானிக்கிறது. படிவத்தில் சாதியே கேட்காவிட்டாலும் வட்டிக்கு அது தெரியும்.

இங்கே காணிக்கார மக்கள் இருக்கிறீர்கள். தலைமுறைகளாக இருந்த காடு உங்களுடையது என்று எழுத்தில் சொல்ல 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தில் கிடைக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்கவோ கைமாற்றவோ முடியாது. அது சரியான பாதுகாப்பு, இல்லாவிட்டால் நிலம் இந்நேரம் கை மாறியிருக்கும். ஆனால் விற்க முடியாத நிலத்தை வங்கி ஈடாக மதிப்பதில்லை. அதற்கு மாற்று வழியை அரசுதான் சொல்ல வேண்டும். வட்டிக்காரனிடம் போகச் சொல்லக் கூடாது.

1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களும் இங்கே உண்டு. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டியிடம் 'துண்டு' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். இலங்கைத் தோட்டத்தில் தொழிலாளியின் கடனை ஒரு சீட்டில் எழுதியிருப்பார்கள், அதற்குப் பெயர் துண்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் கைமாறும், கூடவே ஆளும் கைமாறுவான். கடன் கணக்கு கங்காணியின் கையில். எழுதியதைத் தொழிலாளி படிக்க முடியாது. 1921-இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனாலும் நம் வீட்டில் மாசக் கடைசியில் 'துண்டு விழுது' என்று சொல்லாத பெண் இன்றும் இல்லை.

அந்தத் துண்டு ஏன் விழுகிறது என்று இப்போது கணக்குப் போடுவோம்.

மாத பட்ஜெட் என்பது மாதச் சம்பளக்காரருக்கானது. நமக்கு மாதம் என்பதே ஒரேமாதிரி கிடையாது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. மழை நாளில் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு. சரியாகப் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில்தான் மழையும் வருகிறது. நோட்டும் யூனிஃபார்மும் வாங்க வேண்டிய மாதத்தில் கூலி இல்லை. ஒவ்வொரு ஆண்டும் கடன் அந்த ஜூனில் பிறக்கிறது. இதில் உங்கள் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது?

ஒரு கணக்குக்காக நாள் கூலி 500 என்று வையுங்கள். நல்ல மாதத்தில் 25 நாள் வெட்டு, 12,500 ரூபாய் வரும். நம் வருமானம் அதுதான் என்று நினைக்கிறோம். கடன் கொடுக்க வருகிறவரும் அதையே படிவத்தில் எழுதுகிறார். ஆண்டு முழுக்க 220 நாள்தான் வெட்டு நடந்தது என்றால் மொத்தம் 1,10,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,166. இதுதான் உண்மையான வருமானம். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் கொடுக்கும்போது, ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. 12,500-ல் பாதி 6,250. 9,166-ல் பாதி 4,583. நடுவில் இருக்கிற 1,667 ரூபாய்தான் மாதாமாதம் விழுகிற துண்டு. அதை அடைக்க அடுத்த கடன், அதை அடைக்க இன்னொன்று.

ஆகவே முதல் வேலை, ஆண்டுக் கணக்கு. ஒரு நோட்டில் பன்னிரண்டு பக்கம். வெட்டு நடந்த நாளுக்கு ஒரு கோடு, இல்லாத நாளுக்கு ஒரு சுழி. ஓராண்டு எழுதினால் உங்கள் வருமானம் உங்களுக்குத் தெரியும். வெட்டு நடந்த நாளில் 20 ரூபாய் எடுத்து வைக்க முடிந்தால் 220 நாளில் 4,400. ஜூன் மாதக் கடனில் ஒரு பகுதி பிறக்காமலே போகும். முடியாத நாளில் வைக்க வேண்டாம். அதற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம்.

இரண்டாவது, கடன் பக்கம். நாம் தவணையை மட்டும் நினைவில் வைக்கிறோம். யாரிடம், என்று, படிவத்தில் எவ்வளவு, கையில் எவ்வளவு வந்தது, வட்டி என்ன, ஈடாக எதைக் கொடுத்தோம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். 1,500தானே என்று தோன்றும். நாளுக்கு நாள் நீங்கள் அசலைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் இது ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கு மேல் போகிற வட்டி.

எழுதிவிட்டால் எதை முதலில் அடைப்பது என்று தெரிந்துவிடும். வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டுகிறோம். அது பயத்தின் வரிசை. வட்டி அதிகமான கடனை முதலில் தீர்ப்பதுதான் கணக்கின் வரிசை. ஏலத் தேதி நெருங்குகிற நகை மட்டும் விலக்கு. பத்து வட்டிக்கு வாங்கிய 10,000-ஐ, ஆண்டுக்கு 12 சதவீதத்தில் கிடைக்கிற ஒரு நகைக்கடனை வைத்து முடித்தால் ஆண்டுக்கு 10,800 ரூபாய் வீட்டில் தங்கும். பழைய இடத்தில் மறுபடி கை நீட்டக் கூடாது, அவ்வளவுதான். வெற்றுத்தாளில் கையெழுத்து, ஏடிஎம் கார்டு, ரேஷன் கார்டு, இவற்றை யாரிடமும் ஈடாகக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, உங்கள் உரிமை. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. புரிகிற மொழியில் கடன் அட்டை தர வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. சம்மதம் இல்லாமல் இன்சூரன்ஸ் சேர்க்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது. பேசி வைத்த இடத்தில்தான் வசூல், தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். இவை எல்லாம் ரிசர்வ் வங்கி விதி. புகாருக்கு 14448. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிராக 2003-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. கடன் கொடுத்தவர் மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. தனியாகப் போய்ப் புகார் கொடுத்தால் கேட்க மாட்டார்கள் என்பது தெரியும். அதனால்தான் பத்துப் பேராகப் போக வேண்டும். தவணை தவறிய பெண்ணின் வீட்டு வாசலில் மற்ற ஒன்பது பெண்களையும் இரவு வரை உட்கார வைக்கிறார்கள். அதே ஒன்பது பேர் எழுந்து அவளோடு காவல் நிலையத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இது நமக்குள் பேச வேண்டியது. கல்யாணமும் சீரும் நகையும். இந்த மாவட்டத்தில் பெண்ணைப் பெற்றவர் படும் பாடு உங்களுக்குத் தெரியும். நம்மை ஒதுக்கியவனின் கல்யாணத்தைப் பார்த்து நாமும் மண்டபம் பிடிக்கிறோம். அவனுக்கு அது நிலத்தின் வருமானம், நமக்குப் பத்து வட்டி. சுயமரியாதைத் திருமணத்தைப் பெரியார் கொண்டுவந்தபோது புரோகிதரை மட்டும் விலக்கவில்லை, ஆடம்பரச் செலவையும் விலக்கச் சொன்னார். 1967-இல் அது சட்டப்படியான திருமணம் ஆனது. 1942-இல் நாக்பூரில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் பேசிய அம்பேத்கர், பொருளாதார பலம் வரும் முன்னே பிள்ளைகள் மேல் திருமணத்தைச் சுமத்தாதீர்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளைப் படிக்க வைப்பது அவர் சொன்ன வழி.

ஆண் தோழர்களிடம் ஒரு வார்த்தை. கடன் அக்காவின் பெயரில், கையெழுத்து அக்காவுடையது, வாசலில் ஏச்சு வாங்குவதும் அக்காதான். சாயங்காலம் டாஸ்மாக்கில் கொடுத்த பணத்தையும் அந்த நோட்டில் எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

இப்படி எழுதியும் பல வீடுகளில் கடைசிக் கோட்டில் துண்டு விழத்தான் செய்யும். ஏனென்றால் கூலி போதாது. அது உங்கள் தவறு இல்லை என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. ஐம்பது வீட்டு நோட்டுகளைச் சேர்த்து வையுங்கள். மழை நாளுக்கு நிவாரணம் வேண்டும், வெட்டு இல்லாத மாதத்தில் தவணை கேட்கக் கூடாது, நிலமற்றவருக்கும் பயிர்க்கடன் வட்டியில் கடன் வேண்டும் என்று கேட்கும்போது மனுவோடு அந்த நோட்டுகளையும் மேசையில் வைப்போம். 'நீ எழுதினா அது கணக்கா' என்று கேட்டவர்களுக்கு, ஆமாம், இதுதான் கணக்கு என்று சொல்வோம்.