மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது?

அந்தக் காலத்துத் தோட்ட லயங்களில் இரவு எஞ்சின் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். அதை நிறுத்துவது நம் வேலையாக இருந்ததில்லை. ஸ்கூடாய் தாமான்களில் புதுவீட்டுக்குக் குடிபோனவர்களுக்கோ அது சொந்தப் பொறுப்பு.

வெளியே இருக்கும் மீட்டர் தெனாகாவுடையது, தொடவேண்டாம். மெயின் சுவிட்சு வீட்டுக்குள்ளே, பெரும்பாலும் வாசற்கதவை அடுத்த சுவரில், உயரத்தில் ஒரு பெட்டியில் இருக்கும். எட்டாதவர்களுக்கு அருகிலேயே ஒரு மர முக்காலி இருக்கட்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானே விழுகிற சுவிட்சும் அந்தப் பெட்டியில் உண்டு. அதிலுள்ள சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்சு விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம் பிடித்தவரைக் கையால் இழுத்தால் 230 வோல்ட்டு நம்மையும் பிடிக்கும். முதலில் மெயினை அடைக்கவேண்டும். அப்போது பெட்டியைத் தேட நேரமிராது.

வகுப்பில் இதைக் கேட்டேன். “அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, சார்” என்றான் ஒரு பையன். அன்று மாலையே அலமாரியை நகர்த்தும்படி அவன் தகப்பனாருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.