சாறு குடித்தால் சர்க்கரை போகுமா?



போன வாரம் இங்கே ஒரு அம்மா என்னைக் கேட்டார். "ஐயா, எனக்குச் சர்க்கரை நோய். தினமும் கோவை இலைச் சாறு குடிக்கிறேன். இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்றார்.

நல்ல கேள்வி. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் ஒரு விஞ்ஞானியும் கோவைச் சாற்றைப் பற்றி ஆராய்ந்தார். அவர் கதையைச் சொல்கிறேன்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நாம் சாப்பிடும் சோறும் களியும் செரித்துச் சர்க்கரையாக மாறுகின்றன. அந்தச் சர்க்கரை ரத்தத்தில் கலக்கிறது. உடம்பு அதை எடுத்துக்கொண்டால்தான் நமக்குத் தெம்பு. அதற்கு உதவுவது இன்சுலின். இது கணையம் என்ற உறுப்பில் சுரக்கிறது. இன்சுலின் குறைந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும் அப்படித்தான். இதுவே சர்க்கரை நோய்.

1921-இல் கனடா நாட்டில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு கல்கத்தாவில் ஒருவர் மருந்தியல் பேராசிரியர் ஆனார். அவர் பெயர் ராம்நாத் சோப்ரா. கல்கத்தாதான் இன்றைய கொல்கத்தா. அங்குள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் வேலை பார்த்தார்.

அப்போது இன்சுலின் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஏழைக்கு எப்படிக் கிடைக்கும்? நம் ஊர்ச் செடிகளில் மருந்து இருக்கிறதா என்று சோப்ரா தேடினார்.

வங்காளத்தில் கோவைக் கொடியைத் தேலாகுச்சா என்பார்கள். அதன் சாறு சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று அங்கும் மக்கள் நம்பினார்கள். சோப்ராவும் மருத்துவர் ஜே.பி. போஸும் அதைச் சோதித்தார்கள். நோயாளிகளுக்குச் சாறு கொடுத்தார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரையை அளந்தார்கள். குறையவில்லை. 1925-இல் அதை அப்படியே எழுதி வெளியிட்டார்கள்.

அப்படியானால் செடிகளில் மருந்தே இல்லையா? இருக்கிறது. சர்ப்பகந்தா என்ற வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்று கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931-இல் எழுதினார்கள். சோப்ராவும் அதை ஆராய்ந்தார். அது சோதனையில் தேறியது. பிறகு உலகமெங்கும் அதிலிருந்து மருந்து செய்தார்கள்.

கோவையின் கதையும் 1925-உடன் முடியவில்லை. பெங்களூரில் 60 பேரிடம் மறுபடி சோதித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. இந்த முறை கொடுத்தது வெறும் சாறு அல்ல. கோவையிலிருந்து பிரித்தெடுத்த சத்து. பாதிப் பேருக்கு அந்தச் சத்து. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. சத்து சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஓரளவு குறைந்தது. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் நோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மாத்திரை தேவைப்படாதவர்கள் அவர்கள்.

இன்னொரு செய்தி கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்பார்மின் மாத்திரை தருகிறார்கள் அல்லவா? அதற்கும் ஒரு செடிதான் வழிகாட்டியது. ஐரோப்பாவில் வளரும் செடி அது. அதில் உள்ள ஒரு பொருள் சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் அதில் நஞ்சும் உண்டு. அதைப் போன்ற, நஞ்சு குறைந்த பொருளை 1922-இல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1957-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயனைக் காட்டினார். இலையிலிருந்து மாத்திரை வரை எவ்வளவு தூரம், பார்த்தீர்களா?

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். கோவைக்காயைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள். நல்லது. ஆனால் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உடனே வலிக்காது. உள்ளே கண்ணும் சிறுநீரகமும் கெடும். காலில் புண் வந்தால் ஆறாது. இன்சுலின் ஊசி போடுபவர் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சாறு குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையோடு வேறு மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும்.

சோப்ரா நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. அளந்து பார்த்தார். நாமும் அளந்து பார்ப்போம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்குங்கள். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். அதில் உள்ள எண்ணை நாமே படிப்போம்.