இடக்கைப் பெண்ணும் ரேந்தைப் பின்னலும்

(மகளிர் கைத்தொழில் பயிற்சித் தொடக்க விழாவில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ரேந்தை நம் மண்ணுக்குப் புதிதன்று. 1821-ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தம் பள்ளிப் பெண்களுக்கு இதைக் கற்பித்தார். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்படுவதற்கு முன்னரே, ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்ற பெண்கள் உண்டு. ஆகவே இதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டா.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி நிலையத்தைப் பார்வையிட்டேன். அங்கே ஒரு பெண்ணை மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காரணம் கேட்டதற்கு, "பீச்சாங்கைக்காரி, ஐயா. கையைப் பிடித்துக் காட்டினாலும் வரவில்லை" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது, நானும் இடக்கைக்காரன். சிறு வயதில் பிரம்புக்கு அஞ்சி வலக்கையால் எழுதப் பழகியவன். என் கையெழுத்தைப் படிக்க எங்கள் எழுத்தர்கள் படும் பாட்டை அவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

பின்னல் வேலையில் தேர்ந்த மூதாட்டி ஒருவரிடம் சென்று விசாரித்தேன். திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் பழைய முறையில் இரு கைகளுக்கும் சம வேலை. அங்கே இடர் இல்லை. கொக்கி ஊசியிலும், இரண்டு ஊசிப் பின்னலிலும்தான் சிக்கல். வலக்கையாளர் வலமிருந்து இடமாகப் பின்னிச் செல்லுவர். இடக்கையாளர் இடமிருந்து வலமாகச் செல்லுவர். ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து காட்டினால் அப்பெண்ணுக்கு எல்லாம் தலைகீழ். எதிரே அமர்ந்து காட்டினாலோ, கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பின்பற்றலாம். கட்டம் போட்ட மாதிரிப் படத்தையும் அவள் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டு ஊசிப் பின்னலில் இரு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கினால், வலக்கையாளர் வேலையில் அது வலப்புறம் சாயும். இடக்கையாளர் வேலையில் இடப்புறம் சாயும். ஒரே இலைக்கொடியை இருவரும் ஆளுக்குப் பாதி பின்னினால் கொடி நடுவில் முறுக்கிக்கொண்டு நிற்கும்; கொள்முதல் செய்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு துண்டு முழுவதையும் ஒருவரிடமே கொடுத்தால் தொல்லை இல்லை. மகளிர் குழுத் தலைவியர் இதைக் கவனிக்க வேண்டும்.

அறுவடைக் களத்தில் இடக்கையால் அரிவாள் பிடிப்பவனை நாம் வீட்டுக்கு அனுப்புகிறோமா? வரிசையின் ஓரத்தில் நிறுத்தி அறுக்கச் சொல்லுகிறோம். அவனுக்குக் கூலியும் குறைப்பதில்லை. ஊராட்சி உறுப்பினர்கள் பயிற்சிக்குப் பெயர் அனுப்பும்போது இடக்கைப் பெண்களை விட்டுவிடாமல், பெயருக்கு நேரே அதைக் குறித்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இன்று சேர்ந்துள்ள பெண்களில் இருவர் இடக்கையர். அவர்களில் ஒருத்தி, சென்ற ஆண்டு திருப்பி அனுப்பப்பட்டவள். அவளுடைய தந்தையாரிடம் இரண்டு முறை சென்று பேசி அழைத்து வந்தோம். அவ்விருவருக்கும் எதிரே ஆசிரியைக்கு ஒரு முக்காலி போட்டாயிற்று.