இந்தக் குட்டி வீரனுக்கு இவ்வளவு விலையா?

(நம் வளாகத்தின் பொழுதுபோக்குச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் சில வீடுகளில் கூரியர் பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: "சுண்டுவிரல் உயரம்கூட இல்லை, இதுக்கா இவ்வளவு பணம்?" கேட்பவர் பெற்றோர். பதில் சொல்லத் திணறுபவர் கல்லூரிக்குப் போகும் பிள்ளை. இரு தரப்புக்கும் உதவட்டும் என்றே இன்று இதை எடுத்துக்கொண்டேன்.

இது என்ன பொம்மை என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1974-இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, கூடி உட்கார்ந்து கதையை நகர்த்தும் விளையாட்டு. மந்திரவாதி எங்கே நிற்கிறார், பூதம் எங்கே நிற்கிறது என்று மேசையில் காட்ட உலோக உருவங்கள் வந்தன. 1975-இல் சின்சினாட்டியில் 'ரால் பார்த்தா' தொடங்கியது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் 'சிட்டாடல்' வந்தது. பெரிய நிறுவனங்கள் பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறின. ஆனால் இரண்டு மூன்று பேர் மட்டுமே நடத்தும் சிறு பட்டறைகள் பல இன்றும் உலோகத்தில்தான் வார்க்கின்றன. இன்றைய வழக்கமான அளவு 28 மில்லிமீட்டர்.

விலைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மனித உருவம் ஒன்று பத்துப் பதினைந்து கிராம் இருக்கும். அதிலுள்ள வெள்ளீயக் கலவையின் விலை, நீங்கள் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குதான். மீதி, கைவேலைக்கு. சிற்பி முதலில் ஒரு மூல உருவம் செய்கிறார். அதை ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சைச் சுழற்றி உருகிய உலோகத்தை ஊற்றினால், சுழற்சி விசையில் உலோகம் வாள் நுனிவரை பாயும். வார்க்க வார்க்க ரப்பர் தேயும். புது அச்சு வேண்டும்.

பிளாஸ்டிக்கில் கதை வேறு. எஃகு அச்சுக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். பிறகு ஒவ்வொன்றும் மலிவு. அத்தனை முதல் போட முடியாதவர்களுக்கு ரப்பர் அச்சுதான் வழி. ஒரு பேச்சுக்கு, சிற்பியின் கூலி 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2,000 உருவம் விற்றால் ஒன்றின்மேல் விழுவது 15 சென்ட். 200 மட்டுமே விற்றால் ஒன்றரை டாலர். சிறு தயாரிப்பாளர் கூடுதல் விலை சொல்வதன் காரணம் இதுவே.

அப்படியானால் வாங்கலாமா? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, எத்தனை வேண்டும்? தன் பாத்திரத்துக்கென ஒரே உருவம் என்றால் உலோகம் தாராளமாகத் தகும். நாற்பது எலும்புக்கூடுகள் கொண்ட படை வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கே புத்திசாலித்தனம்.

இரண்டு, வண்ணம் தீட்டுவீர்களா? தீட்டும் இன்பத்தில்தான் பாதி மதிப்பு. பிடிக்காவிட்டால் உலோகத்திலிருந்து வண்ணத்தைக் கரைத்து நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். கடும் கரைப்பான்களைப் பிளாஸ்டிக் தாங்காது. வாங்கிய பத்தும் பெட்டியிலேயே தூங்கினால் பதினொன்றாவது வேண்டாம்.

மூன்று, வந்து சேர என்ன ஆகும்? வெளிநாட்டிலிருந்து ஒற்றை உருவம் வரவழைத்தால் தபால் செலவு பொருளின் விலையையே மிஞ்சக்கூடும். சுங்க வரியும் உண்டு. நம் மூன்று பிளாக் பிள்ளைகளும் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் தபால் செலவு பங்காகும். வரி எவ்வளவு வரும் என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று நகல் வார்ப்புகளை வாங்காதீர்கள். உருவத்திலிருந்தே அச்சு எடுப்பதால் அது சற்றே சுருங்கும், முகம் மழுங்கும். 200 பிரதிகளை நம்பிப் பிழைக்கும் பட்டறைக்கு இருபது விற்பனை போனாலும் அடிதான்.

இனி, அடுக்குமாடிக்காரர்களுக்கான எச்சரிக்கை. பழைய உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். 1990-களில் பல தயாரிப்பாளர்கள் ஈயமில்லாக் கலவைக்கு மாறினாலும் எல்லோரும் மாறவில்லை, வாங்குமுன் கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் அரம் போட வேண்டாம். முகக்கவசம் அணியுங்கள், தூளை ஈரத்துணியால் துடையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவை எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். ஸ்பிரே பெயின்ட்டை பால்கனியில் அடிக்காதீர்கள். கீழ்வீட்டுக் கொடியில் காயும் வேட்டிக்கும் அதே நிறம் வந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு உருவத்தைத் தீட்டி முடிக்கப் பல மாலைகள் ஆகும். அத்தனை மாலையும் பிள்ளை பொறுமையாக உட்கார்ந்திருந்தால், ஒரு சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கையிலிருப்பதைத் தீட்டி முடித்துக் காட்டிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். அப்போது விலையைப் பற்றி வீட்டில் பேச்சே எழாது.