வலமா? இடமா?

(ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று உடம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் உடம்பு சுழல்வதைப் பற்றிப் பேசப் போகிறேன். "இந்த டீச்சருக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று நினைத்துவிடாதீர்கள். நான் செய்த ஒரு தவறுதான் என்னை இப்படிப் பேச வைக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதே விழாவுக்காகப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஒரு நடனம் பழக்கினேன். பாட்டின் நடுவில் எல்லாரும் ஒற்றைக் காலில் நின்று வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பதினொரு பேர் சரியாகச் சுற்றினார்கள். ஒருத்தி மட்டும் இடப்பக்கமாகச் சுற்றி அடுத்த பிள்ளையின்மேல் மோதினாள். அவள் எழுதுவதும் வலக் கையால், சாப்பிடுவதும் வலக் கையால். ஆகவே வேண்டுமென்றே செய்கிறாள் என்று எண்ணினேன். "எனக்கு அந்தப் பக்கம் வரலே டீச்சர்" என்றாள். "வராம எங்கே போகும்?" என்று அதட்டிக் கடைசி வரிசையில் நிறுத்தினேன். மறுநாள் முதல் அவள் ஒத்திகைக்கே வரவில்லை. அவளுடைய பாட்டி வந்து, "விளையாடறப்பவும் அவ அந்தப் பக்கந்தான் சுத்துவா. புள்ளையத் திட்டாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆண்டு பதினொரு பேர்தான் மேடையில் ஆடினார்கள்.

அந்தப் பாட்டி சொன்னது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சுழல்வதையே கலையாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

அன்பர்களே! தாளச் சீருடற்பயிற்சி என்று ஒரு விளையாட்டு உண்டு. நம் நாட்டில் கிம்ராமா என்பார்கள். பதின்மூன்று மீட்டர் சதுரத் தரையில் இசைக்கு ஏற்ப ஒரு பெண் வளையம், பந்து, இரட்டைக் கட்டை, நாடா இவற்றில் ஒன்றைக் கையில் கொண்டு ஆடுவாள். அந்த நாடாவின் நீளம் மட்டும் 6 மீட்டர். ஆடும் நேரமோ ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இல்லை. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. கனடாவின் லோரி ஃபங் தங்கம் வென்றார். ரஷ்யாவின் எவ்கேனியா கனாயேவா 2008இலும் 2012இலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம் பெற்றார். 1998இல் நம் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, இதில் குழுத் தங்கம் வென்றவர்கள் நம் மலேசியப் பெண் பிள்ளைகளே என்பதை நீங்கள் பெருமையோடு நினைவில் கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தின் கடினமான பகுதிகளில் ஒன்று சுழற்சி. ஒரு கால் விரல் நுனியில் நிற்க வேண்டும். மற்றொரு காலைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். அப்படியே பம்பரம்போல் சுற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு இவ்வளவு மதிப்பெண் என்று கணக்கு உண்டு. கூடுதலாகச் சுற்றச் சுற்ற மதிப்பும் ஏறும். குதிகால் தரையைத் தொட்டுவிட்டால் அதோடு கணக்கு நின்றுவிடும்.

உலகப் புகழ் பெற்ற வீராங்கனைக்கும் பிடித்த பக்கம் ஒன்று இருக்கிறது! நிற்க ஒரு கால், தூக்க ஒரு கால், திரும்ப ஒரு திசை என்று சிறு வயதிலேயே அமைந்துவிடுகிறது. எழுதும் கை எதுவோ அதே பக்கம்தான் உடம்பும் திரும்பும் என்ற கட்டாயம் கிடையாது. கை வேறு, கால் வேறு, சுழலும் திசை வேறு. ஆக, வலக் கையால் எழுதும் என் மாணவி இடப்பக்கம் சுழன்றதில் குறும்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அது அவள் உடம்பின் அமைப்பு.

இந்தப் பக்கச் சார்பு நாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே பெரும்பாலான சிசுக்கள் வலது கட்டைவிரலைத்தான் சூப்புகின்றன. பிறந்த குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் பெரும்பாலும் வலப்பக்கமே தலையைத் திருப்பும். நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர் இடக் கைக்காரர்கள். இடக் கையால் எழுதும் பிள்ளையின் விரலில் அடிப்பது அவன் பிறப்பையே அடிப்பது போலாகும். பெற்றோர்களே, தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியானால் பிடித்த பக்கத்திலேயே விட்டுவிடலாமா? விட்டுவிடக் கூடாது. இனிமேல் நான் சொல்வதைத் தாய்மார்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

போட்டியில் மதிப்பெண் வேண்டும். அதனால் வீராங்கனை தனக்கு நன்றாக வரும் பக்கத்தையே நாளெல்லாம் பழகுகிறாள். ஒரே காலில் நின்று, ஒரே பக்கம் முதுகை வளைத்து, ஆயிரம் ஆயிரம் தடவை செய்கிறாள். பல்கேரியா இந்த ஆட்டத்தில் பேர்போன நாடு. அந்நாட்டு மருத்துவர்கள் பயிற்சி பெறும் சிறுமிகள் நூறு பேரைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நூற்றில் பன்னிரண்டு பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. மற்றச் சிறுமிகளில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. இதற்கு மூன்று காரணங்களை அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள்: மூட்டுகள் இயல்பாகவே தளர்வாக இருப்பது, பருவமடைவது தாமதமாவது, வளரும் முதுகில் ஒரு பக்கமாகவே ஓயாமல் பாரம் விழுவது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். உண்மைதான். ஆனால் ஐந்தில் ஒரே பக்கமாக வளைத்தால் ஐம்பதிலும் அந்த வளைவு நிற்கும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் மேடைக்குப் பிடித்த பக்கத்தை எடுத்துக்கொண்டாலும், பயிற்சியில் மறு பக்கத்தையும் விடுவதில்லை.

இது பால்மரம் வெட்டியவர்களுக்குப் புதிதல்ல. வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்துதானே சரிகிறது? பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். மரத்துக்கும் ஒரு பக்கச் சார்பு உண்டு என்று பாருங்கள்! அதற்காக யாரும் மரத்தைத் திட்டுவதில்லை; அதன் போக்குக்கு நாம்தான் கத்தியைத் திருப்பினோம். ஆனால் அதே பட்டையையே என்றைக்கும் வெட்டிக்கொண்டிருந்தோமா? இல்லை. பாதி மரம் வெட்டி முடிந்ததும் மறு பாதிக்கு மாறி, பழைய பட்டை வளர இடம் கொடுத்தோம். மரத்துக்குக் காட்டிய அந்தப் பரிவைப் பிள்ளையின் முதுகுக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வீட்டில் செய்யக்கூடியவை மிகச் சுலபமானவை. புத்தகப் பையை ஒரு தோளிலேயே தொங்கவிடாமல் இரண்டு தோளிலும் மாட்டச் சொல்லுங்கள். ஆட்டமோ பயிற்சியோ எதுவானாலும், வலப்பக்கம் பத்துத் தடவை செய்தால் இடப்பக்கமும் சில தடவை செய்யட்டும்; அழகாக வராவிட்டால் பரவாயில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை அவ்வப்போது நிற்க வைத்து, இரு கைகளையும் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தாலோ, நிமிர்ந்து நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்து காணப்பட்டாலோ, தள்ளிப்போடாமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வளரும் வயதில் கண்டுபிடித்தால் வழி உண்டு.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பனைக் குலையை அறுப்பதும் தூக்குவதும் ஒரே பக்கமாக நடக்கும் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் மறு பக்கமாகவும் சற்று வளைந்து, திரும்பி உடம்பை நிமிர்த்திக்கொள்ளுங்கள். உழைக்கும் உடம்பும் வீராங்கனையின் உடம்பும் ஒன்றுதான். அவளுக்காவது பயிற்சியாளர் இருக்கிறார். நமக்கு நாமேதான்.

மாணவச் செல்வங்களே! பக்கத்தில் இருப்பவன் ஒரு வேலையை மாறிச் செய்தால் சிரிக்காதீர்கள். அவனுக்கு அது நேர். நமக்குத்தான் மாறித் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. நான் முன்பு சொன்ன மாணவி இப்போது ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். இந்த ஆண்டு ஒத்திகைக்கு முன்பு நானே அவள் வீட்டுக்குப் போய், அவளிடமும் அவள் பாட்டியிடமும் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். நடனத்தையும் மாற்றிவிட்டேன். இன்னும் சற்று நேரத்தில் அது மேடையேறும். ஆறு பேர் வலப்பக்கமும் ஆறு பேர் இடப்பக்கமும் சுழல்வார்கள். இடப்பக்க வரிசையில் முதலில் நிற்பவள் அவள்தான். மற்ற ஐந்து பேருக்கும் அந்தப் பக்கம் சுழலச் சொல்லிக் கொடுத்தவளும் அவளே.

கைதட்டி உற்சாகப்படுத்துங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.