வாணிகமும் பல்கலைக்கழகமும்

பேரேடு எழுதிப் பழகியவனே வணிகனாவான் என்பது நெடுங்காலமாக நிலவிய எண்ணம். அவ்வெண்ணத்துக்கு மாறாக, அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகம் 1908ஆம் ஆண்டில் வியாபார நிர்வாகத்துக்கெனப் பட்டமேற்படிப்புக் கல்லூரியொன்றை நிறுவி, முதுமாணிப் பட்டம் வழங்க முன்வந்தது.

ஆயின், அங்கு எதனைக் கற்பிப்பது? வைத்தியத்துக்கு உடற்கூற்று நூல்கள் இருந்தன. சட்டத்துக்குத் தீர்ப்பேடுகள் இருந்தன. நிர்வாகத்துக்கோ தக்க பாடநூல்கள் அரிது. 1919இல் அக்கல்லூரியின் தலைமையை ஏற்ற வாலஸ் டொனம் சட்டம் பயின்றவர். வழக்குகளைக் கொண்டு சட்டம் கற்பிக்கும் முறையை அவர் வாணிகக் கல்வியிலும் வேரூன்றச் செய்தார். ஒரு நிறுவனம் எதிர்நோக்கிய சிக்கல் மாணாக்கர் முன் வைக்கப்படும். அந்நிறுவனத்தின் அதிபர் யாது செய்தல் வேண்டும் என ஆசிரியர் வினவுவார். ஆயத்தமான விடை ஏதுமில்லை. மாணாக்கர் தம்முள் வாதிட்டே முடிவு காண்பர்.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஏட்டிலே விவரங்கள் தொகுத்துத் தரப்படுகின்றன. சந்தையிலே அவற்றைத் தேடிப் பெறுவதே பாதி வேலை. வகுப்பில் எடுத்த தவறான முடிவினால் எவரும் பிழைப்பை இழப்பதுமில்லை. அன்றியும், அவ்விரண்டாண்டு வகுப்பின் தொடக்கத்திலேயே பெண்கள் சேர்க்கப்பட்டது 1963இலேதான். அதுவரை அவ்விவாதத்தில் ஒரு சாராரின் குரலே ஓங்கியிருந்தது.

பட்டம் மட்டும் ஒருவரை வணிகராக்குவதில்லை. தம் முடிவுக்குப் பிறர் முன்னிலையில் காரணங் கூற அக்கல்வி பழக்குகின்றது. பிறர் முதலையும் பிறர் உழைப்பையும் ஆள்வோர்க்கு அப்பழக்கம் இன்றியமையாதது.