பழைய படம் போல ஒரு புதுப் படம்

எங்கட சுவரொட்டிகளில் இப்ப ஒரு வழக்கம் வந்திருக்கு. வெயார்ஹவுஸில் இரவு வேலை முடிச்சு வாற அண்ணாவைப் படம் எடுக்கிறம். பிறகு கலரை எடுத்துவிட்டு, கிரெய்ன் போட்டு, 1930களின் அமெரிக்கப் பெருமந்தக் காலப் படம் மாதிரி ஆக்கிறம். வடிவாத்தான் இருக்கு. பிரச்சினையே அதுதான்.

நாங்கள் பின்பற்றுகிற படம் டொரோதியா லாங் 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். படத்தில் இருக்கிற அம்மாவின் பெயரை அவர் கேட்டு எழுதவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் வெளியே தெரிய 1978 ஆகிவிட்டது.

அந்தக் காலம் சாம்பல் நிறமாகவும் இருக்கவில்லை. அதே அரசாங்கத் திட்டத்துக்காக ரசல் லீ 1940இல் நியூ மெக்சிகோவின் பை டவுனில் கொடாக்குரோம் கலர் ஃபிலிமிலும் படம் எடுத்தார். அதில் ஒரு பெண் தான் தைத்த போர்வையை விரித்துக் காட்டுகிறார். அவரைப் பார்த்தால் பரிதாபம் வராது, மரியாதைதான் வரும்.

இன்றைய தொழிலாளியைச் சாம்பலாக்கினால் சுரண்டல் எப்பவோ முடிஞ்ச கதையாகிடும். பார்க்கிறவர் உச்சுக் கொட்டுவார், முதலாளி ஆர் எண்டு கேக்க மாட்டார்.

லாங்கிடம் எடுக்க வேண்டியது வேறொன்று. 1939இல் கணவர் பவுல் டெய்லரோடு வெளியிட்ட புத்தகத்தில், படங்களோடு அந்த மக்கள் சொன்னதையும் சேர்த்தார். ஆகவே அடுத்த சுவரொட்டியில் அண்ணாவின் மஞ்சள் அங்கி மஞ்சளாகவே இருக்கட்டும். கீழே அவருடைய மணிக்கூலியை அவர் வாயாலேயே போடுவம். பெயர் போட்டால் வேலை போகுமா எண்டு முதல் அவரிட்டக் கேப்பம்.